நடைக்குதிரைக் கலப்பு: எதோடு எதைச் சேர்ப்பது?

டென்னஸி வாக்கிங் குதிரையில் நீண்ட தூரம் போய்ப் பழகியவருக்கு, சாதாரணக் குதிரையின் ட்ராட் என்னும் துள்ளோட்டம் இடுப்பைப் பதம்பார்ப்பதாகத் தோன்றும். டென்னஸி வாக்கர் போன்ற நடைக்குதிரையின் நான்கு கால்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையைத் தொடுகின்றன. ஏதாவது ஒரு கால் எப்போதும் மண்ணில் இருப்பதால் சேணத்தில் தூக்கிப்போடுவதில்லை. ஐஸ்லாந்துக் குதிரையின் டோல்ட், மிசூரி ஃபாக்ஸ் ட்ராட்டரின் நடை, நம் மார்வாரி, கத்தியவாரி குதிரைகள் சிலவற்றின் ரேவால் எல்லாம் இந்த வகைதான். நடையை ஒரு பக்கத்திலிருந்தும் உயரத்தையும் உடற்கட்டையும் இன்னொரு பக்கத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஆசையில்தான் பலர் கலப்பில் இறங்குகிறார்கள். ஆசையில் தவறில்லை. ஆனால் எந்தக் குணம் உறுதியாக வரும், எது வராமலும் போகும் என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

உறுதியாகக் கணக்குப் போடக்கூடியது ஒரு மரபணு. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெய்ஃப் ஆண்டர்சன் குழுவினர், டிஎம்ஆர்டி3 மரபணுவில் 'சி' என்ற டிஎன்ஏ எழுத்து இருக்க வேண்டிய ஓரிடத்தில் 'ஏ' வந்திருப்பதை 2012-இல் வெளியிட்டார்கள். கால்களை ஒருங்கிணைக்கும் தண்டுவட நரம்புகளின் வேலையையே இந்த மாற்றம் வேறாக்கிவிடுகிறது. டென்னஸி வாக்கர், மிசூரி ஃபாக்ஸ் ட்ராட்டர், பெருவியன் பாசோ ஆகியவற்றில் அநேகமாக எல்லாக் குதிரைகளும் இரட்டை ஏ, அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஏ பெற்றவை. பிடரி மயிரை வேரோடு பிடுங்கி அனுப்பினால் பரிசோதனைக்கூடம் சொல்லிவிடும். அதே சமயம், அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட்பிரெட் பந்தயக் குதிரைகளில் பேஸ் (ஒரே பக்கக் கால்கள் ஜோடியாக நகரும் ஓட்டம்) ஓடுபவையும் ட்ராட் ஓடுபவையும் ஏறக்குறைய எல்லாமே இரட்டை ஏதான். எந்த நடை என்பதை வேறு மரபணுக்களும் உடலமைப்பும் பயிற்சியும் சேர்ந்து முடிவுசெய்கின்றன.

இதை மனதில் வைத்து முதல் வழியைப் பார்ப்போம்: டென்னஸி வாக்கரோடு குவார்ட்டர் ஹார்ஸ். குட்டி உறுதியான உடற்கட்டோடு வரும் என்று இதைப் பலர் விரும்புகிறார்கள். குவார்ட்டர் ஹார்ஸ் பெரும்பாலும் இரட்டை சி என்பதால், பிறக்கும் குட்டி ஏறக்குறைய எப்போதும் ஒரு ஏ, ஒரு சி. அது மென்மையாகவும் நடக்கலாம், ட்ராட்டும் ஓடலாம், இரண்டையும் கலக்கவும் செய்யலாம். அப்படிப்பட்ட இரண்டை மறுபடி இணைத்தால் நான்கில் ஒரு குட்டி சராசரியாக இரட்டை சி. நடைதான் முக்கியம் என்பவருக்கு இந்தக் கலப்பு வேண்டாம் என்பேன். நல்ல ட்ராட்டும் கேன்டரும் (மூன்று தாள ஓட்டம்) வேண்டும் என்பவர் யோசிக்கலாம்; ஐஸ்லாந்துக் குதிரைகளில் இரட்டை ஏ அந்த இரண்டையும் பலவீனமாக்குவதாகத் தெரிந்திருக்கிறது. குவார்ட்டர் பக்கம் பிஎஸ்எஸ்எம் முதல் வகைத் தசைநோய்க்கான பரிசோதனையைக் கட்டாயம் கேளுங்கள். அந்த நோய் வர, அதற்கான மரபணுவின் ஒரு பிரதி வந்தாலே போதும்.

டென்னஸி வாக்கரோடு ஃபாக்ஸ் ட்ராட்டர் என்றால் இரு பக்கமும் ஏ. மென்னடை ஏறக்குறைய நிச்சயம். எந்த மென்னடை என்பதில்தான் சிக்கல். ஈர மணலைச் சமன்செய்து, இரண்டையும் அவற்றுக்குரிய நடையில் விட்டுக் குளம்புத் தடத்தைப் பாருங்கள். நல்ல வாக்கரின் பின்கால் தடம் முன்கால் தடத்தைத் தாண்டி ஒரு சாண், சில சமயம் அதற்கும் மேல் தள்ளி விழும். ஃபாக்ஸ் ட்ராட்டரின் பின்கால் முன்கால் தடத்தின் மேலேயே விழும். மூலைவிட்டமாக எதிரெதிரே உள்ள கால்கள் ஏறக்குறைய ஜோடியாக நகரும். குட்டி இரண்டுக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். சவாரிக்கு அது போதும், அந்தந்த இனத்தின் போட்டிக்குப் போதாது. இனப்பெயரை நம்பாமல் அந்தப் பொலிகுதிரையையே மணலில் நடக்கவிட்டுப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

நான் அதிகம் மதிக்கும் முயற்சி ஜெர்மனியில் நடந்தது. வால்டர் ஃபெல்ட்மன் குடும்பத்தினர் ஐஸ்லாந்துக் குதிரையையும் பெருவியன் பாசோவையும் இணைத்து ஏகிடியன்பெர்கர் என்ற இனத்தை உருவாக்கினார்கள். டோல்ட் நடையும் கடினத்தன்மையும் ஐஸ்லாந்திலிருந்து, உயரமும் வெப்பம் தாங்கும் உடலும் பெருவிலிருந்து. முதல் கலப்போடு அவர்கள் நிறுத்தவில்லை. அந்தக் குட்டியை மீண்டும் ஐஸ்லாந்துக் குதிரையோடு சேர்த்தால் முக்கால் பங்கு ஐஸ்லாந்து. முக்காலையும் அரையையும் இணைத்தால் எட்டில் ஐந்து பங்கு. அந்த விகிதத்தில் நிறுத்தி, அதற்குள்ளேயே தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். ஒரு அழகான முதல் தலைமுறைக் குட்டியைப் பார்த்து 'புது இனம்' என்று விற்பவர்கள் இந்தப் பொறுமையை ஒரு நாளாவது நினைத்துப்பார்க்க வேண்டும். இந்த வழியில் போகிறவர்கள் பெருவியன் பக்கத்தின் வயதான உறவுகளைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. டிஎஸ்எல்டி என்னும் தசைநார்ச் சிதைவு நோய் அந்த இனத்தில் அதிகம். குளம்புக்கு மேலுள்ள கணுமூட்டு மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கும். இளம் பொலிகுதிரையிடம் அது தெரியாமல் இருக்கலாம். அதன் தாயும் பாட்டியும் எப்படி நிற்கின்றன என்பதே சாட்சி.

நிறத்துக்காகச் செய்யும் கலப்பில்தான் எனக்குப் பெரிய கவலை. கென்டக்கியின் ராக்கி மவுன்டன் குதிரையின் சாக்லேட் உடலும் வெளிறிய பிடரியும் 'சில்வர்' மரபணுவால் வருபவை. அதே மரபணு ஐஸ்லாந்துக் குதிரைகளிலும் உண்டு. ஒரு பிரதி இருந்தால் கண்ணுக்குள் நீர்க்கட்டிகள் வரலாம். இரண்டு பிரதிகள் சேர்ந்தால் கண்ணின் பல பகுதிகள் பிறவியிலேயே கோளாறாகி, பார்வையும் பாதிக்கப்படலாம். சில்வர் கருநிறத்தை மட்டுமே மாற்றுவதால், செந்நிறக் குதிரை அதைச் சுமந்தாலும் வெளியே தெரியாது. ஆகவே கண்ணால் பார்த்துத் தப்பிக்க வழியில்லை. இரு பக்கமும் பரிசோதியுங்கள். இரண்டிலும் சில்வர் இருந்தால், குதிரைகள் எவ்வளவு நன்றாக நடந்தாலும் அந்த ஜோடியை விட்டுவிடுங்கள்.

பதிவு விஷயம் சுருக்கமானது. டென்னஸி வாக்கரின் பதிவேடு 1947-இலேயே மூடப்பட்டது. பெற்றோரில் ஒன்று அதில் இல்லாவிட்டாலும் குட்டிக்கு அங்கே இடமில்லை. திட்டுநிறமுள்ள நடைக்குதிரைகளுக்கான ஸ்பாட்டட் சேடில் ஹார்ஸ் பதிவேடு கலப்புக்கு இடம் கொடுக்கிறது. குட்டியை விற்கும் எண்ணம் இருந்தால், பொலிகுதிரைக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே எந்தப் பதிவேடு அதை ஏற்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.