பிள்ளைகளின் விவரங்களும் அமானிதமே



பிறர் வீட்டில் அனுமதி கேட்டு, ஸலாம் சொன்ன பிறகே நுழைய வேண்டும் என்று அந்நூர் அத்தியாயத்தின் 27ஆவது வசனம் கற்றுத் தருகிறது. கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பதையும் நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். இன்று நம் வீட்டுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. அது கைப்பேசி. பிள்ளையின் பிறந்த தேதி, ஆதார் எண், பள்ளிக்கூடம், புகைப்படம் எல்லாம் அதன் வழியே வெளியே போகின்றன.

அடையாளத் திருட்டு

ஒருவருடைய கடவுச்சொல்லையோ மின்னணுக் கையொப்பத்தையோ வேறு தனி அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66சி பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இணையவழியில் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி பிரிவு. தண்டனை அதே அளவுதான். ஆகவே, வகுப்புத் தோழனின் கணக்கில் அவனறியாமல் நுழைந்து அவன் பெயரில் எழுதுவது விளையாட்டல்ல என்று நம் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

பெரியவர் கணக்கில் பணம் குறைந்தால் உடனே தெரியும். பிள்ளையின் பெயர் தவறாகப் பயன்பட்டால், அவர் வளர்ந்து வங்கிக்கோ வேலைக்கோ போகும்போதுதான் தெரியவரலாம்.

பெற்றோரின் ஒப்புதல்

2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது. குழந்தையின் தரவைக் கையாள, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை என்றும், குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதோ குறிவைத்து விளம்பரம் செய்வதோ கூடாது என்றும் விதிக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம்.

சட்டம் சாவியை நம் கையில் கொடுக்கிறது. படிக்காமலே ‘சம்மதம்’ என்று அழுத்தினால், கதவைத் திறந்துவிட்டவர் நாம்தான். குடும்பப் பொறுப்பாளரிடம் மறுமையில் கேள்வி உண்டு என்பது நபிமொழி.

நாம் செய்ய வேண்டியவை

• மதிப்பெண் பட்டியலை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். மகிழ்ச்சியை வாயால் சொன்னாலே போதும்.
• ஆதார் நகல் கொடுத்தால், எதற்காக என்பதையும் தேதியையும் அதன்மேல் எழுதுங்கள்.
• ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லக்கூடாது என்று பிள்ளைக்குப் பழக்குங்கள்.
• மதரஸா, உதவித்தொகை விண்ணப்பங்களை ஜமாஅத்தார் பூட்டி வையுங்கள். தேவை முடிந்ததும் கிழித்து அழியுங்கள். பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள்.
• பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழையுங்கள். ஏமாந்த பிள்ளையைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடும்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணிக் காக்கும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.