முதுகுத்தண்டில் அடிபட்டவருக்கு இரண்டு மருந்து



நம் வேலை மலைச்சரிவில் வேலை. கொழுந்து மூட்டையோடு சறுக்கி விழுவதும், லோரி கவிழ்வதும் நடக்கக்கூடியதே. முதுகெலும்பு உடைந்து உள்ளே ஓடும் நரம்புத்தண்டு நசுங்கினால், அதற்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் குறையும், அல்லது அடியோடு போய்விடும். மலஜலமும் கட்டுக்குள் இருக்காது. அப்படி விழுந்தவரைக் கையைக் காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். கழுத்தை அசைக்காமல் படுக்கவைத்து 999-க்குச் சொல்லுங்கள்.

பெரியாஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகுதான் நீண்ட வைத்தியம் தொடங்குகிறது. அதற்கு மருந்து இரண்டு: உடற்பயிற்சி, மனத்தெம்பு. மனம் உடைந்தவர் பயிற்சி செய்யமாட்டார். பயிற்சி இல்லாவிட்டால் மூட்டு இறுகும், படுக்கைப்புண் வரும், மனம் இன்னும் உடையும். ஆகவே இரண்டையும் சேர்த்தே கொடுக்கவேண்டும்.

இதற்குச் சாட்சி வேலூர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் கார் விபத்தில் அவருக்கு இரண்டு காலும் செயலிழந்தன. டாக்டர் பால் பிராண்ட், "உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்யலாம்" என்று ஊக்கம் கொடுத்தார். மேரி அம்மையார் சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையை நடத்தினார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. வைத்தியம் முடித்துப் போனவர்கள் ஒன்றுகூடி விளையாடவும், உடம்பைச் சோதித்துக்கொள்ளவும் அந்த நிலையம் மேளாவும் நடத்துகிறது. தன்னைப்போல அடிபட்டவர் ஒருவர் சிரித்து விளையாடுவதைக் கண்ணால் பார்த்தால், பத்துப் பேர் சொல்லும் ஆறுதலைவிட அது பெரிது.

வீட்டில் செய்யவேண்டிய பயிற்சி (ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டுக்கொண்டு):

1. காலை, மாலை இரு வேளையும் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூட்டுகளை வீட்டார் மெதுவாக மடக்கி நீட்டவேண்டும். பலவந்தம் கூடாது.

2. கைக்குப் பலம் இருந்தால் தண்ணீர் நிரப்பிய போத்தலைத் தூக்கி இறக்கலாம். நாற்காலிக்கு மாறத் தோள்தான் கால்.

3. உட்கார்ந்திருக்கும்போது அரைமணிக்கு ஒருமுறையாவது கையூன்றி எழும்பவேண்டும், அல்லது பக்கவாட்டில் சாயவேண்டும். படுக்கையில் 2 மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கவேண்டும். தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

4. ஆழமாக மூச்சிழுத்து இருமப் பழக்குங்கள். சளி தங்காது.

கழுத்திலோ மேல்முதுகிலோ அடிபட்டவருக்குத் திடீரென்று கடும் தலைவலியும் முகத்தில் வேர்வையும் வந்தால், உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள். மூத்திரக்குழாய் மடங்கி அடைத்திருக்கிறதா பாருங்கள். ஆஸ்பத்திரிக்குத் தாமதம் செய்யாதீர்கள். அது ஆபத்து.

இனி மனத்துக்கு:

"எல்லாம் தலைவிதி, இனி என்னத்த செய்யிறது" என்று அவர் காதுபட யாரும் பேசாதீர்கள். "நாளைக்கே எழுந்து நடந்துருவே" என்ற பொய்யும் வேண்டாம். பயிற்சி செத்த நரம்பை முளைக்கவைக்காது. மிச்சமிருக்கும் பலத்தை வளர்க்கும். இன்று போத்தலை எத்தனை தரம் தூக்கினார் என்று கலண்டரில் அவரையே எழுதவையுங்கள். நேற்று 8, இன்று 10 என்று பார்க்கும்போது மனமும் நிமிரும். வீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் பாடம் என்று ஒரு பொறுப்பும் அவர் கையில் இருக்கட்டும். கூட்டாளிகள் வாரம் ஒருநாள் வந்து, கூடவே பயிற்சி செய்யட்டும்.

"செத்துப்போறேன்" என்று சொன்னால் சும்மா விடாதீர்கள். தனியே விடாமல், உடனே கிளினிக்கில் சொல்லுங்கள். பார்த்துக்கொள்ளும் மனைவிக்கும் தாய்க்கும் தூக்கம் வேண்டும். லயத்துக்காரர்கள் முறைவைத்து மாற்றிவிடுங்கள்.

வேலையில் அடிபட்டிருந்தால் சொக்சோ மனுவைத் தாமதிக்காதீர்கள். மலாக்காவில் 2014-ல் சொக்சோ திறந்த மறுவாழ்வு மையத்தைப் பற்றியும் தோட்டக் கமிட்டி மூலம் கேளுங்கள். அது தருமம் அல்ல, நம் சம்பளத்தில் பிடித்த பணத்துக்கு நம் உரிமை.