தரையில் எரியும் செவ்விளக்குகள்

சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிந்தால் பேருந்து நிற்கிறது. தரையில் ஊர்ந்து வரும் விமானத்தை நிறுத்துவது எது?

விமானம் மேலெழவும் இறங்கவும் பயன்படுவது ஓடுபாதை. நிறுத்துமிடத்திலிருந்து அதற்குச் செல்லும் வழிக்கு டாக்சிவே என்று பெயர். இரவில் டாக்சிவேயின் ஓரங்களில் நீல விளக்குகளும், பெரிய நிலையங்களில் அதன் நடுக்கோட்டில் பச்சை விளக்குகளும் எரியும். ஓடுபாதையின் ஓர விளக்குகளோ வெண்மையானவை. நிறத்தைக் கொண்டே விமானி தாம் இருக்கும் இடத்தை அறியலாம் அல்லவா?

இவ்விரு வழிகளும் கூடும் இடமே ஆபத்தானது. அங்கே டாக்சிவேயின் இருபுறமும் மஞ்சள் விளக்குகள் மாறி மாறி மின்னும். 'எதிரே ஓடுபாதை, எச்சரிக்கை!' என்பது அதன் பொருள். பல நிலையங்களில், வழிக்குக் குறுக்கே சிவப்பு விளக்குகளும் வரிசையாகத் தரையில் பதிக்கப்பட்டிருக்கும். இதுவே 'ஸ்டாப் பார்'. சக்கரம் ஏறினாலும் உடையாதபடி இவை உறுதியான உலோகக் கூடுகளில் அமைந்துள்ளன. அனுமதி தரும்போது கோபுரத்திலுள்ள கட்டுப்பாட்டாளர் சிவப்பை அணைப்பார். அதற்கு அப்பால் வழிகாட்டும் பச்சை விளக்குகள் ஒளிரும்.

வானொலியில் அனுமதி சொல்கிறார்களே, விளக்கு எதற்கு என்று கேட்பீர்கள். சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்ள முடியும். 2024 ஜனவரி 2 அன்று மாலை, டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில், ஓடுபாதைக்கு வெளியே காத்திருக்க வேண்டிய கடலோரக் காவல்படை விமானம் உள்ளே சென்று நின்றது. அனுமதி கிடைத்துவிட்டதாக அதன் விமானி எண்ணிவிட்டார். இறங்கிய பயணிகள் விமானம் அதன்மீது மோதித் தீப்பற்றியது. அதிலிருந்த 379 பேரும் தப்பினர். காவல்படையினர் ஐவர் மாண்டனர். அந்த இடத்து ஸ்டாப் பார் அன்று பராமரிப்புக்காக இயங்காமல் இருந்தது. இயங்கியிருந்தாலும், பார்வைக்குத் தெளிவில்லாத வேளைகளில் மட்டுமே அதை ஏற்றுவது அங்கு வழக்கம்.

மனிதர் மறந்தாலும் மறவாத விளக்குகளும் உண்டு. அமெரிக்காவின் சில பெரிய நிலையங்களில் ராடார் தரும் செய்தியைக் கணினி ஆராய்கிறது. ஓடுபாதையில் விமானம் விரைந்து வந்தால், நுழைவாயிலில் சிவப்பு விளக்குகள் தாமாகவே எரிகின்றன.

இப்போது ஒரு கேள்வி. சிவப்பு அணைந்திருந்தால் விமானி போகலாமா? கூடாது! விளக்கு பழுதாகியும் இருக்கலாம். கோபுரத்தின் சொல் இல்லாமல் நுழையக் கூடாது. சொல் கிடைத்தாலும், சிவப்பு எரிந்தால் நின்று கேட்க வேண்டும். இவ்விரண்டும் ஒன்றையொன்று சரிபார்ப்பதில்தான் பயணிகளின் உயிர் இருக்கிறது.