கடல்நுரையும் ரேடார் கணிப்பும்

நடுக்கடலில் காற்றளக்கும் கருவிகள் மிகச் சிலவே. ஆகவே, புயலின் வலிமையை அறியத் துணைக்கோளங்களில் பொருத்தப்பட்ட ரேடார்களைப் பெரிதும் நம்ப வேண்டியுள்ளது. 2001 டிசம்பர் 27ஆம் நாள் ஜொகூரின் தென்கிழக்குக் கரையைத் தாக்கிய வாமெய், நிலநடுக்கோட்டுக்கு மிக அருகிலும் புயல் உருவாகும் என்பதைக் காட்டியது. எனவே, இக்கருவிகளின் கணிப்பு எங்கே பிழைபடும் என அறிவது நமக்கும் தேவையாகிறது.

ரேடார் எவ்வாறு அளக்கிறது?

ரேடார் காற்றை நேரடியாக அளப்பதில்லை. நுண்ணலைகளைச் சாய்வாகக் கடல்மீது செலுத்தி, திரும்பி வரும் பகுதியை அளக்கிறது. அமைதியான கடல் கண்ணாடி போன்றது. தன்மேல் விழும் அலைகளை அப்பால் தெறிக்கவிடும். காற்று வீசினால் சில சென்டிமீட்டர் நீளமுள்ள சிற்றலைகள் எழும். அவை நுண்ணலைகளைச் சிதறடித்து, ஒரு பகுதியை ரேடாருக்கே திருப்புகின்றன. காற்று வலுக்க வலுக்க இந்தப் பின்சிதறலும் வலுக்கும். அதைக் கொண்டே காற்றின் வேகம் கணிக்கப்படுகிறது.

நுரையின் குறுக்கீடு

காற்று மேலும் வலுத்தால் அலைகள் உடைந்து நுரை தோன்றும். மெல்லிய நீர்ப்படலம் சூழ்ந்த காற்றுக் குமிழிகளின் அடுக்கே நுரை. காற்றுக்கும் நீருக்கும் இடைப்பட்ட இயல்புடைய இவ்வடுக்கு, நுண்ணலைகளைப் பெரிதும் உறிஞ்சிக்கொள்கிறது. மோனகனும் அவருடன் ஆய்ந்தவரும் 1980இல் வெளியிட்ட சூத்திரப்படி, காற்று வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும்போது கடற்பரப்பில் ஏறத்தாழ 1 விழுக்காடு நுரை இருக்கும். 20 மீட்டரானால் ஏறத்தாழ 10 விழுக்காடு. அதாவது, காற்று இருமடங்கானால் நுரை பத்து மடங்காகிறது!

கடும்புயலில் பின்சிதறல் ஓர் எல்லைக்குமேல் உயராமல் தேங்கிவிடுகிறது. நுரையும் நீர்த்திவலைகளும் இதற்குக் காரணங்களாகும். அப்போது உண்மையான வேகத்தைவிடக் குறைவாகவே கணிப்பு அமையக்கூடும். கரையோர மக்களுக்கான எச்சரிக்கை இத்தகைய கணிப்புகளையும் சார்ந்திருப்பதால், இது சிறு பிழையன்று.

தீர்வுகள்

செங்குத்தாக அதிரும் நுண்ணலையை அனுப்பி, திரும்புவதில் கிடைமட்டமாக அதிரும் பகுதியை மட்டும் பிரித்தளப்பது ஒரு வழி. இப்பகுதி கடும்புயலிலும் எளிதில் தேங்குவதில்லை. 2014 முதல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் சென்டினல்-1 துணைக்கோளங்கள் இவ்வாறு அளக்க வல்லவை.

மற்றொரு வழி நுரையையே சான்றாகக் கொள்வது. நன்றாக உறிஞ்சும் பொருள் நன்றாகக் கதிர்வீசும் என்பது இயற்பியல் விதி. ஆகவே, நுரை மிகுந்த கடலிலிருந்து இயல்பாக வெளிப்படும் நுண்ணலைக் கதிர்வீச்சு கூடும். அமெரிக்காவின் புயலாய்வு விமானங்கள் இதை அளந்தே கடற்பரப்புக் காற்றின் வேகத்தைக் கணிக்கின்றன. ரேடாருக்குத் தடையாகும் நுரை, வேறொரு கருவிக்கு அளவுகோலாகிறது என்பது குறிப்பிடத்தக்கது.