கார் ஏசி குளிரவில்லையா? கேஸ் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை: முழுமையான வழிகாட்டி

“கேஸ் கம்மியாயிருக்கும் சார், போட்டுடலாம்.” ஏசி குளிரவில்லை என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் முதலில் காதில் விழுவது இதுதான். என் காருக்கு மூன்று கோடைகளில் மூன்று முறை கேஸ் போட்டேன். சித்திரையில் ஜில்லென்று இருக்கும்; ஆடி பிறப்பதற்குள் வெறும் காற்றுதான் வரும். நான்காவது கோடையில் ஏசி வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் கேஸ் சிலிண்டரைத் தொடவேயில்லை. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து, கண்டன்சருக்குப் போகும் குழாயின் மூட்டு ஒன்றைக் காட்டினார். சுற்றியிருந்த தூசியெல்லாம் வெளிறிக் காய்ந்து கிடக்க, அந்த இடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக அப்பியிருந்தது. சோப்பு நுரையை பிரஷ்ஷால் தடவிவிட்டு, “கொஞ்சம் பொறுங்க தம்பி” என்றார். அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு கடுகு அளவில் ஒரு குமிழி கிளம்பி, மிளகு அளவுக்குப் பெருத்து உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. உள்ளே இருந்த ஓ-ரிங் காய்ந்து வெடித்திருந்தது. அந்த ரப்பர் வளையத்தை மாற்றி ஐந்து கோடை ஆகிவிட்டது. அதன்பிறகு கேஸ் போடவில்லை.

கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ்கள் வழியாக ஆண்டுக்கு மிகச் சிறிதளவு போகும். அதனால் ஒரே வருடத்தில் குளிர் நின்றுவிடாது. ஆண்டுதோறும் கேஸ் குறைகிறது என்றால் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். கேஸ் குறையாமலே குளிர் போவதற்கும் பத்துக் காரணம் உண்டு. அவற்றில் பாதியை நீங்களே, கையாலும் கண்ணாலும் காதாலும் கண்டுபிடித்துவிடலாம்.

குளிர் எங்கிருந்து வருகிறது?

ஊசி போடும் முன் கையில் ஸ்பிரிட் தடவுவார்களே, அந்த இடம் சில்லென்று ஆகும். ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கார் ஏசியிலும் இதே கதைதான். நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். அதைத் திறந்த வெளியில் விட்டால் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும்.

டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் இது சுமார் 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஆவியாகிறது. உங்கள் டயரில் அடிக்கிற காற்றின் அளவுதான். அந்த அழுத்தத்தில் காயிலின் குளிர் 2 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். ப்ளோயர் ஊதும் காற்று அதன்மேல் பட்டு, வெப்பத்தையும் ஈரத்தையும் விட்டுவிட்டு உங்கள் முகத்துக்கு வருகிறது. ஆவியான கேஸை கம்ப்ரஸர் உறிஞ்சி 200 பிஎஸ்ஐக்கு மேல் நெருக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சருக்குத் தள்ளுகிறது. அங்கே கேஸ் 55, 60 டிகிரிச் சூட்டில் இருப்பதால், மே மாதத்து 40 டிகிரிக் காற்றுகூட அதற்குக் குளிர்க்காற்றுதான். வெப்பத்தை வெளியே கொட்டிவிட்டு திரவமாக மாறி, ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் கடந்து மறுபடியும் காயிலுக்கு வருகிறது. சுற்றில் ஓடுவது கேஸ் மட்டுமல்ல, கம்ப்ரஸருக்கான எண்ணெயும் சேர்ந்தே ஓடுகிறது. கசிவைக் காட்டிக்கொடுப்பது அந்த எண்ணெய்தான்.

தொடங்குவதற்கு முன்

கேஸ் குழாயின் எந்த நட்டையும் வீட்டில் கழற்றாதீர்கள். பீறிடும் கேஸ் தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வேண்டுமென்று கேஸைக் காற்றில் திறந்துவிடுவதும் தவறு. புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல் வலுவானது. இன்ஜின் ஓடும்போது துப்பட்டா, வேட்டி நுனி, கைச்சங்கிலி எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. இன்ஜினை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கலாம். ஹைப்ரிட், மின்சாரக் கார் என்றால் ஆரஞ்சு நிற ஒயர்களைத் தொடவே வேண்டாம். அவற்றின் ஏசி வேலை பயிற்சி பெற்றவர்களுக்கானது.

படி 1: காற்று போதுமான அளவு வருகிறதா?

குளிர் இல்லாததும் காற்று இல்லாததும் வேறு வேறு கோளாறு. ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள். சத்தம் பெரிதாக இருந்து காற்று மட்டும் மெலிந்து வந்தால், முதல் சந்தேகம் கேபின் ஃபில்டர்மேல். பல கார்களில் க்ளவ் பாக்ஸை இறக்கினால் பின்னால் ஒரு மூடி தெரியும். அதை அழுத்தி இழுத்தால் ஃபில்டர் கையில் வந்துவிடும். மண்ணும் முடியும் வேப்பஞ்சருகும் அடைத்திருந்தால் தட்டிச் சுத்தம் செய்வதைவிட புதிதாக மாற்றுவதே மேல். போடும்போது அம்புக்குறியைப் பார்த்துப் போடுங்கள்.

கடைசி வேகத்தில் மட்டும் ப்ளோயர் ஓடி 1, 2, 3-ல் ஓடவில்லை என்றால் ப்ளோயர் ரெசிஸ்டர் போயிருக்கிறது. சின்ன பாகம், சின்ன செலவு. எந்த வேகத்திலும் ஓடவில்லை என்றால் முதலில் ஃப்யூஸ், பிறகு ரிலே, அதன்பிறகே மோட்டார்.

படி 2: கம்ப்ரஸர் ஓடுகிறதா?

பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, வண்டிக்குள் ஒருவரை உட்காரவைத்து ஏசி பட்டனைப் போடச் சொல்லுங்கள். “டக்” என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். அதோடு கம்ப்ரஸர் புல்லியின் நடுத்தட்டும் சேர்ந்து சுழலத் தொடங்கும். வெளி வளையம் மட்டும் சுழன்று நடுத்தட்டு சும்மா நின்றால் மேக்னட் கிளட்ச் பிடிக்கவில்லை. ஃப்யூஸைப் பாருங்கள், அதே அளவுள்ள வேறொரு ரிலேயை, உதாரணமாக ஹாரனுடையதை, மாற்றிப் போட்டுப் பாருங்கள். இவை சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால், கேஸ் மிகக் குறைந்து பிரஷர் சுவிட்ச் மின்சாரத்தைத் தடுத்திருக்கலாம். எண்ணெய் இல்லாமல் கம்ப்ரஸர் எரிந்துபோகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. சுவிட்சை ஒயர் வைத்து நேராக இணைத்து ஓட்டிப் பார்க்கும் வழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. உங்கள் வண்டியில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். கம்ப்ரஸர் போனால் செலவு பல மடங்கு.

சில புதிய வண்டிகளில் கிளட்சே இல்லாத கம்ப்ரஸர் வருகிறது. அதில் டக் சத்தத்தை எதிர்பார்க்க முடியாது. ஸ்கேனர் மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

படி 3: கண்டன்சரும் ஃபேனும்

நெடுஞ்சாலையில் நன்றாகக் குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் அனல் அடிக்கிறதா? கேஸை மறந்துவிட்டு வண்டியின் முகத்தைப் பாருங்கள். ஓடும்போது எதிர்க்காற்று கண்டன்சரைக் குளிர்விக்கிறது. நின்றால் அந்த வேலை ஃபேனுடையது. ஏசி போட்டதும் ஃபேன் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

ஃபேன் ஓடியும் இதே தொல்லை என்றால் கண்டன்சர் அழுக்காக இருக்கலாம். முன்பக்கம் பளிச்சென்று தெரிந்தாலும், கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள ஒரு விரல் இடைவெளியில் பஞ்சும் பூச்சிச் சிறகும் மெத்தைபோல் படிந்திருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு தோட்டக் குழாயால் மெதுவாகக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை நேராகப் பாய்ச்ச விடாதீர்கள். அலுமினியத் தகடுகள் மடங்கிக் காற்று போகும் வழியையே அடைத்துவிடும்.

படி 4: இரண்டு குழாய்கள்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. டேஷ்போர்டுக்குப் பின்னால், இன்ஜின் பக்கத் தகட்டில் தடிமனாக ஒன்றும் மெல்லியதாக ஒன்றும் இரண்டு அலுமினியக் குழாய்கள் நுழையும். ஏசியை முழுக்க வைத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டு, விரல் நுனியால் பட்டும் படாமலும் தொடுங்கள். கம்ப்ரஸரிலிருந்து வெளியேறும் குழாய் கையைச் சுட்டுவிடும், அதன் பக்கம் போக வேண்டாம்.

தடித்த குழாய் ஐஸ் மோர் டம்ளர்போல வியர்த்துக் குளிர்ந்தும், மெல்லியது வெதுவெதுப்பாகவும் இருந்தால் சுற்று நன்றாக ஓடுகிறது. அப்படியிருந்தும் உள்ளே சூடான காற்று வந்தால் குற்றம் ஏசியில் இல்லை. குளிரையும் சூட்டையும் கலக்கும் மடல் டேஷ்போர்டுக்குள் ஹீட்டர் பக்கமே திறந்து நிற்கிறது. டிகிரியைத் திருப்பும்போது உள்ளே “டிக் டிக்” என்று கேட்டால் மடலைத் திருப்பும் சிறு மோட்டாரின் பல் உடைந்திருக்கும். இரண்டு குழாய்களிலும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் கேஸ் குறைவு, அல்லது கம்ப்ரஸர் அழுத்தம் தரவில்லை. இனி அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்ப்பவரிடம் போக வேண்டும்.

இன்னொரு கோளாறும் உண்டு. முதல் அரைமணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே குறைந்துவிடும். ஏசியைப் பத்து நிமிடம் அணைத்தால் சரியாகிவிடும். காயிலில் ஐஸ் கட்டி வழியை அடைக்கிறது. ஃபில்டர் அடைப்போ, காயிலின் குளிரைப் பார்க்கும் சென்சாரோ காரணமாக இருக்கலாம்.

கசிவைத் தேடுவது

எண்ணெய்க் கறையைத் தேடுங்கள். குழாய் மூட்டுகள், ஹோஸ் முனைகள், கம்ப்ரஸரின் முன்பக்கம், கல்லடி படும் கண்டன்சர் முகம், கேஸ் ஏற்றும் வாய்களின் மூடிக்குள் இருக்கும் பின். மூடி இல்லாமல் திறந்து கிடந்தால் மூடி போடுங்கள். சந்தேகப்படும் இடத்தில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலக்கித் தடவலாம், இன்ஜினை நிறுத்திவிட்டு. நுண்ணிய கசிவு இதில் தெரியாது. பட்டறையில் நைட்ரஜன் ஏற்றியோ, சாயம் கலந்து புற ஊதா விளக்கில் பார்த்தோ கண்டுபிடிப்பார்கள். கூலிங் காயில் கசிந்தால் கண்ணுக்கு எட்டாது. பெரும்பாலும் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும், ஆகவே மற்ற இடங்களையெல்லாம் சோதித்த பிறகே அதற்குச் சம்மதியுங்கள்.

வாடையும் தண்ணீரும்

ஏசி போட்டதும் ஈரத்துணி வாடை அடித்தால் காயிலில் பூஞ்சை. வீடு சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓட்டினால் காயில் உலரும். வண்டிக்குக் கீழே தண்ணீர் சொட்டுவது நல்ல அறிகுறி. சொட்டாமல் இடப்பக்க மிதியடி நனைந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது.

ஊட்டிக்குப் போகும்போது ஹீட்டர்

சமவெளியில் ஓட்டுகிறவர்களுக்கு ஹீட்டர் நினைவுக்கே வராது; டிசம்பரில் குன்னூர் தாண்டிய பிறகுதான் வரும். இன்ஜினின் கூலண்ட் சூட்டையே ஹீட்டர் கோர் வாங்கித் தருகிறது. ஆகவே முதலில் கூலண்ட் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிடும்.

அளவு சரியாக இருந்தும் சூடு வரவில்லை என்றால் வெப்பமானி முள்ளைக் கவனியுங்கள். அது ஏறவே இல்லையென்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றிருக்கிறது, அல்லது “இன்ஜின் சூடாகாது” என்று சொல்லி யாரோ எப்போதோ அதைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் அது 80-லிருந்து 90 டிகிரிக்குள் திறக்க வேண்டியது. முள் சரியாக நின்றால், ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்களைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு மற்றது சில்லென்றிருந்தால் கோர் அடைப்பு அல்லது உள்ளே காற்று. கூலண்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் உப்பும் துருவும் சேர்ந்து இதைச் செய்கின்றன. கண்ணாடியில் உட்புறம் பிசுபிசுப்பாகப் படலம் படிந்து இனிப்பான வாடை வந்தால் கோர் கசிகிறது. சமவெளிப் பட்டறைகளில் இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டு கோரை ஒதுக்கிவிடுவார்கள். பழைய வண்டி வாங்கியிருந்தால் இதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி உட்புறம் புகைமூட்டமானால் ஹீட்டரையும் ஏசியையும் சேர்த்தே போட்டு, வெளிக்காற்று வரும் நிலையில் வையுங்கள். ஏசி ஈரத்தை எடுக்கும், சூடு கண்ணாடியை உலர்த்தும். சென்னை மழையில் வெளிப்புறம் மூட்டமானால் அது வேறு. ஏசியின் குளிரைக் குறைத்து வைப்பரைப் போட வேண்டும்.

பட்டறையில் நிற்கும்போது

கசிவைச் சரிசெய்யாமல் கேஸ் ஏற்றச் சம்மதிக்காதீர்கள். சரிசெய்த பிறகு வேக்யூம் பம்ப் குறைந்தது அரைமணி நேரம் ஓட வேண்டும். பம்பை நிறுத்திய பின் கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். உள்ளே ஈரம் தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸாகும், அமிலமாகிக் குழாயை அரிக்கும். குழாய்கள் வெகுநாள் திறந்து கிடந்திருந்தால் டிரையரையும் மாற்றச் சொல்லுங்கள்.

கேஸை எடை பார்த்து ஏற்றச் சொல்லுங்கள். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். சிறிய கார்களில் அரை கிலோவுக்கு முன்னே பின்னே. கேஜை மட்டும் பார்த்து ஏற்றினால் அதிகமாகிப் போகும். அதிகமானாலும் குளிர் குறையும். கேஸ் மலிவாகக் கிடைக்கிறது என்றால் வாங்க வேண்டாம். கலப்பட கேஸில் சேரும் மீத்தைல் குளோரைடு அலுமினியத்தோடு வினைபுரியும். 2011-ல் கப்பல் சரக்குப் பெட்டிகளின் குளிர்சாதனத்தில் அப்படிப்பட்ட கேஸ் புகுந்து வெடித்ததில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

வேலை முடிந்ததும் நடுத் துவாரத்தில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி, உள்காற்று நிலையில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது 10 டிகிரிக்குப் பக்கத்தில் காட்டினால் வேலை சரி. அந்த எண், ஏற்றிய கிராம், மாற்றிய பாகம், தேதி நான்கையும் ஒரு தாளில் எழுதி பானெட்டின் உட்புறம் ஒட்டிவையுங்கள். அடுத்த கோடையில் யாராவது கேஸ் கம்மி என்றால், அந்தத் தாளைக் காட்டி எங்கே கசிகிறது என்று கேளுங்கள்.