கொய்மலர்களும் குளிர் காயமும்

செடியிலிருந்து கொய்த பின்னரும் மலர் சுவாசிக்கிறது. தன்னிடமுள்ள சர்க்கரையைச் செலவிடுகிறது. குளிர் இச்செலவைக் குறைப்பதால், குளிர் கூடக்கூட மலருக்கு நல்லது என்ற எண்ணம் கிடங்கு நிர்வாகிகளிடையே வேரூன்றியுள்ளது. ரோஜா, கார்னேஷன், சாமந்தி ஆகியவற்றுக்கு இது பொருந்தும். 0 முதல் 2 டிகிரி செல்சியஸில் அவை நலமாக இருக்கும். மிசோரம் மலைச்சரிவுகளில் பயிராகும் ஆந்தூரியத்திற்கோ அதே அறை நஞ்சாகும்.

ஆந்தூரியம் அமெரிக்க வெப்ப மண்டலக் காடுகளைச் சேர்ந்தது. வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே சென்றால், அதன் உயிரணுச் சவ்வுகளிலுள்ள கொழுப்புப் பொருள்கள் நெகிழ்வை இழந்து இறுகுகின்றன. சவ்வு கசிகிறது, உள்ளே தனித்தனியே இருந்த பொருள்கள் கலந்து ஆக்சிகரணமடைவதால் நிறம் கருக்கிறது. உறைதல் என்பது வேறு. இங்கே பனிக்கட்டி உண்டாவதே இல்லை. சிவந்த மடல் நீலம் பாய்ந்து கருமையடையும். நடுவிலுள்ள தண்டும் பழுப்பாகும்.

இதில் பெருந்தொல்லை ஒன்று உண்டு. கிடங்கில் இருக்கும்வரை மலர் பழுதின்றித் தோன்றலாம். வெளியே வந்து ஓரிரு நாள் கழிந்த பின்னரே கறை வெளிப்படும். அதற்குள் சரக்கு கொல்கத்தாவிலோ தில்லியிலோ கைமாறியிருக்கும். தவறு எங்கே நேர்ந்தது என நிறுவ வழியில்லாமல், பழி பயிரிட்டவர் தலையில் விழுகிறது.

பெயரை மட்டும் நம்புவதும் ஆபத்தே. சிக்கிமின் சிம்பிடியம் குளிரைத் தாங்கும்; கேரளத்தில் பயிராகும் டெண்ட்ரோபியம் தாங்காது. இரண்டும் ஆர்க்கிட் என்றே சீட்டு ஒட்டப்படுகின்றன!

பரிகாரம் கடினமன்று. ஆந்தூரியத்திற்கு 12.5 முதல் 20 டிகிரி வரை ஏற்றது. நம் நாட்டுக் குளிர்பதனக் கிடங்குகளில் பெரும்பாலானவை உருளைக்கிழங்குக்கென அமைந்தவை. விதைக்கிழங்கு அறையின் 2 முதல் 4 டிகிரிக் குளிர் இதற்கு ஆகாது. இடவசதி கருதி இரண்டையும் ஓரறையில் அடுக்குவது சிக்கனமாகத் தோன்றினும் நட்டத்திலேயே முடியும். காயத்தின் அளவு குளிரை மட்டுமின்றிக் கால நீட்டிப்பையும் பொறுத்தது. சில மணி நேரத்தில் தப்பும் மலர் சில நாளில் தப்பாது. ஈரம் இழந்த மலரில் கேடு விரைவில் தெரிவதால், மடலைப் பாலிதீன் உறையிலிட்டு, ஒப்பு ஈரப்பதத்தை 90 விழுக்காட்டுக்கு மேல் காக்க வேண்டும். பெட்டிகளைக் குளிர்க்காற்று நேரே வீசும் இடத்தில் வைத்தலாகாது. பனிக்கட்டியும் அவற்றைத் தொடலாகாது. வெப்பமானியைக் கதவருகே மாட்டாமல் பெட்டிகளுக்கிடையே வைத்து, அளவைத் தேதியுடன் குறித்துச் சரக்குடன் அனுப்பினால், தகராறு எழும்போது பயிரிட்டவரிடம் ஒரு சான்றாவது இருக்கும்.