பல் டாக்டர்கிட்ட பிள்ளையைக் கூட்டிட்டுப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ

நம்ம தேனிப் பக்கம் கோம்பையிலயும் தேவாரத்துலயும் பண்ணைப்புரத்துலயும் நான் பாத்த வரைக்கும், பிள்ளைக பல் டாக்டர்கிட்ட முதல் தடவை போறது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்குது. ராத்திரி பூரா கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு அழுத பிள்ளை, காலையில வெறும் வயித்தோட பஸ் ஏறுது. தூக்கம் இல்ல, சாப்பாடு இல்ல, வலி வேற. அந்த நிலையில முதமுதலா அந்த நாற்காலியில உட்கார்ந்தா, அன்னைக்கே ஊசி, அன்னைக்கே பல்லு பிடுங்கறது. அதுக்கப்புறம் இருபது வயசானாலும் பல் டாக்டர் போர்டைப் பாத்தாலே அதுக்கு வயித்தைக் கலக்கும். தப்பு பிள்ளை மேல இல்ல தாயி. வலி வர்ற வரைக்கும் காத்திருக்கோம் பாரு, அதுல இருக்கு தப்பு.

ஏலத்தோட்டத்துக்கு விடியுமுன்ன ஜீப் ஏறுறவளுக்கு ஒருநாள் கூலி போறது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும். அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன். சொத்தை சின்னதா இருக்கறப்ப போனா ஒரே தடவையில அடைச்சு விட்டுருவாங்க. நரம்பு வரைக்கும் போயிட்டா வேர் சிகிச்சை, அதுக்கு மேல கேப்புன்னு ரெண்டு மூணு தடவை நடக்கணும். எத்தனை நாள் கூலி போகும்னு நீயே கணக்குப் போட்டுக்கோ.

போறதுக்கு முன்னாடி

1. முதல் பல் முளைச்சு ஆறு மாசத்துக்குள்ள, எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள்ள ஒரு தடவை காட்டிரு. "ஒத்தப் பல்லுக்கு டாக்டரா?"ன்னு அம்மாச்சி கேப்பாங்க. கேக்கட்டும். டாக்டர் உனக்கு எதிர்ல முட்டியோட முட்டி ஒட்ட உட்கார்ந்து, பிள்ளை தலையைத் தன் மடியில வாங்கிப் பாப்பாங்க. காலு ரெண்டும் உன் இடுப்பைச் சுத்தி இருக்கும், முகம் உன்னையே பாத்துக்கிட்டு இருக்கும். ரெண்டு நிமிஷ வேலை. பிள்ளை அழுதா பதறாத, அழறப்பதான் வாய் நல்லாத் திறக்கும்.

2. எங்க போறதுன்னு முதல்லயே விசாரி. சின்ன ஊரு கிளினிக்ல குழந்தைகளுக்கான பல் டாக்டர் தினமும் இருக்க மாட்டாங்க, வாரத்துல குறிப்பிட்ட நாள்தான் வருவாங்க. போன் போட்டு அந்த நாளைக் கேட்டுக்கோ. அரசு ஆஸ்பத்திரின்னா உத்தமபாளையத்துலயோ கம்பத்துலயோ பல் டாக்டர் எந்தெந்த நாள் இருப்பாங்கன்னு கேட்டுட்டு, காலை ஓ.பி.க்கே போயிரு. பெரிய சிகிச்சைன்னா க.விலக்குல இருக்கிற தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. மதுரை வரைக்கும் போக முடிஞ்சா அங்க இருக்கிற பல் மருத்துவக் கல்லூரிகள்ல குழந்தைகள் பல் பிரிவே தனியா இருக்கு. கீழவெளி வீதி சி.எஸ்.ஐ. கல்லூரி அதுல ஒண்ணு. மாணவர்கள் பாப்பாங்க, பக்கத்துல பேராசிரியர் நிப்பாங்க. நேரம் ஆகும், செலவு கம்மி. முழுநாள் லீவு போட்டுட்டுத்தான் போகணும்.

3. பள்ளிக்கூடத்துல குடுத்த சீட்டைத் தொலைக்காத. 2013-ல தொடங்கின தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்துல டாக்டர் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை, அரசுப் பள்ளிக்கு ஒரு தடவை வந்து பாக்கணும். அந்தப் பரிசோதனையில பல்லும் உண்டு. தமிழ்நாடு அரசும் 2023-ல 'புன்னகை'ன்னு பள்ளிப் பிள்ளைகளுக்காகவே ஒரு பல் திட்டம் தொடங்குச்சு. "சொத்தை இருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போங்க"ன்னு எழுதிக் குடுத்த சீட்டு புத்தகப் பைக்கு அடியில கசங்கிக் கிடக்கும். பையைக் கொட்டிப் பாரு.

4. வாயை அடக்கு. இதுதான் எல்லாத்தையும் விடக் கஷ்டம். "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி ஊசி போடச் சொல்லிருவேன்"னு தினமும் மிரட்டிட்டு, அதே டாக்டர்கிட்ட ஒருநாள் "வா, ரொம்ப நல்ல மாமா"ன்னா பிள்ளை எப்படி நம்பும்? "வலிக்காது, வலிக்காது"ன்னு சொல்றதும் வேணாம். அந்த வார்த்தையில பிள்ளை காதுல விழறது 'வலி' மட்டும்தான். பொய்யும் சொல்லாத. கடைக்குப் போறோம்னு ஏமாத்திக் கூட்டிட்டுப் போனா அடுத்த தடவை கடைக்குக் கூப்பிட்டாக்கூட வராது. "டாக்டர் உன் பல்லை எண்ணிப் பாப்பாங்க, தண்ணி அடிச்சுக் கழுவுவாங்க, ஒரு மிஷின் சத்தம் கேக்கும், நான் பக்கத்துலயே இருப்பேன்" — இது போதும். ஊசி உண்டான்னு கேட்டா, "எனக்குத் தெரியலடா, டாக்டர்கிட்டயே கேப்போம்"னு சொல்லு.

5. தன்னோட பல்லைப் பிடுங்கின கதையைச் சொல்ல ஒரு மாமாவோ பெரிய அண்ணனோ ஒவ்வொரு வீட்லயும் இருப்பாங்க. அவங்களைத் தனியாக் கூப்பிட்டு, பிள்ளை முன்னாடி வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லிரு.

6. மூணு நாலு வயசுப் பிள்ளைக்கு முந்தின நாள் சாயங்காலம் சொன்னாப் போதும். ஒரு வாரம் முன்னாடி சொன்னா ஒரு வாரமும் பயந்துக்கிட்டே இருக்கும். எட்டு வயசுக்கு மேலன்னா ரெண்டு நாள் முன்னாடியே சொல்லி, கேள்வி கேக்க விடு.

7. ராத்திரி விளையாட்டா மடியில படுக்க வச்சு, ஸ்பூன் காம்பால பல்லை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணு. அப்புறம் நீ படு, பிள்ளை எண்ணட்டும். வாயைத் திறந்து மல்லாக்கப் படுக்கிறதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய பயம். அது வீட்லயே பழகிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

அன்னைக்கு

காலை நேரமாப் பாத்து வாங்கு. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை ஏற்கெனவே களைச்சிருக்கும். டாக்டர் வெறும் வயித்தோட வரச் சொல்லியிருந்தாலே ஒழிய, லேசா சாப்பிட வச்சுக் கூட்டிட்டுப் போ. ரெண்டு இட்லி போதும். வயிறு முட்டத் திணிச்சா அங்க போய் வாந்தி எடுக்கும்.

குடும்பமே கிளம்பிப் போக வேணாம். பதட்டப்படாத ஆளு ஒருத்தர் போனாப் போதும். உனக்கே பல் டாக்டர்னா நடுக்கம்னா வீட்டுக்காரரையோ சித்தியையோ அனுப்பு. உன் கை நடுங்குறது பிள்ளைக்குத் தெரியும்.

பிள்ளைக்கு இருதயத்துல ஓட்டை, வலிப்பு, வீசிங், ஏதாவது மருந்து ஒத்துக்காம இருக்கிறது, எது இருந்தாலும் கேக்குறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிரு. பழைய மாத்திரை அட்டையையும் எடுத்துட்டுப் போ.

"சமத்தா இருந்தா சாக்லேட் வாங்கித் தர்றேன்"னு பேரம் பேசாத. பல்லுக்கு வைத்தியம் பாக்கப் போற இடத்துல சாக்லேட்டா? முடிஞ்சு வந்தப்புறம் ஒரு கலர் பென்சில் டப்பா வாங்கிக் குடு, அதுவும் முன்னாடியே சொல்லி வைக்காம.

உள்ள போனப்புறம்

டாக்டர் பேசட்டும், நீ பேசாத. பிள்ளைக்கு முதல்ல வாயால சொல்லி, அப்புறம் கருவியைக் கையில காட்டி, அதுக்கப்புறம்தான் பல்லுல வைக்கணும். அடெல்ஸ்டன்ங்கிற அமெரிக்கப் பல் டாக்டர் 1959-ல எழுதி வச்ச முறை, இன்னைக்கும் உலகம் பூரா இதைத்தான் சொல்லித் தர்றாங்க. நடுவுல நீ "வாயைத் திற, திறடா"ன்னு கத்தினா யார் சொல்றதைக் கேக்குறதுன்னு பிள்ளைக்குக் குழம்பிரும். கையை மட்டும் பிடிச்சுக்கோ. வலிச்சாலோ பயமா இருந்தாலோ இடது கையைத் தூக்கச் சொல்லி டாக்டர்கிட்ட முன்னாடியே பேசி வச்சுக்கோ. நிறுத்தச் சொல்ல வழி இருக்குன்னு தெரிஞ்சாலே பிள்ளை தைரியமா இருக்கும்.

முதல் நாள் ஒண்ணுமே செய்யாம எண்ணிப் பாத்துட்டு அனுப்பிட்டாங்கன்னா, காசு வீணாப் போச்சுன்னு முணுமுணுக்காத. அவசரம் இல்லாத பல்லுன்னா அப்படி அனுப்புறவங்கதான் நல்ல டாக்டர்.

"விழப்போற பால்பல்லுதானே, இதுக்குப் போய்ச் செலவா?"ன்னு மட்டும் கேக்காத. முன்பல்லு ஆறேழு வயசுல விழும், சரி. பின்னாடி மெல்லுற பால்பல்லு பத்து, பதினொண்ணு, பன்னெண்டு வயசு வரைக்கும் இருக்கணும். அஞ்சு வயசுல பிடுங்கிட்டா பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாஞ்சிரும், கீழ வர்ற பல்லுக்கு வழி இருக்காது. அப்புறம் பதிமூணு வயசுல கம்பி போட அலையணும். பிடுங்கித்தான் ஆகணும்னா, இடத்தைக் காப்பாத்த வளையம் மாட்டணுமான்னு கேளு. பின்பல்லுக்கு ஸ்டீல் கேப் போடணும்னு சொன்னா, வெள்ளியாத் தெரியுதேன்னு மறுக்காத. பெரிய சொத்தைக்கு அதை மாதிரி நிக்கிறது வேற இல்ல. பல்லு விழறப்ப அதோட சேந்தே விழுந்துரும்.

ராவாம, ஊசி போடாம சொட்டு மருந்து தடவிச் சொத்தையை நிறுத்துற முறையும் இருக்கு. வெள்ளி கலந்த புளோரைடு. ரொம்பச் சின்னப் பிள்ளைக்கு அது பெரிய உதவி. ஆனா சொத்தை இருக்கிற இடம் கருப்பாயிரும், திரும்ப வெளுக்காது. முன்பல்லுன்னா யோசிச்சுச் சம்மதம் சொல்லு.

வீட்டுக்கு வந்தப்புறம்

- ஊசி போட்டிருந்தா உதடு ரெண்டு மூணு மணி நேரம் மரத்திருக்கும். பிள்ளை விளையாட்டா உதட்டைக் கடிச்சுக் கடிச்சுப் புண்ணாக்கிரும். மறுநாள் வீங்கினதும் "டாக்டர் ஏதோ செஞ்சுட்டாரு"ன்னு சண்டைக்குப் போறதை நான் நிறையப் பாத்திருக்கேன். மரப்பு போற வரைக்கும் மெல்லுற சாப்பாடு வேணாம், பக்கத்துலயே உட்கார்ந்து பாத்துக்கோ.
- பல்லு எடுத்திருந்தா பஞ்சை அரைமணி நேரம் கடிச்சிருக்கணும். துப்பிக்கிட்டே இருக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. அன்னைக்குச் சூடான காப்பி வேணாம். ஆறின கஞ்சி, தயிர்ச்சோறு குடு.
- வலி மருந்து பிள்ளை எடைக்குத் தக்கன டாக்டர் எழுதினது மட்டும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது.

தினமும்

காலையில நீ ஜீப்புக்கு ஓடுற, பிள்ளை அப்பத்தா கையில. அவங்களுக்குக் கண்ணும் சரியாத் தெரியாது. அதனால காலைப் பொழுதை அவங்களுக்கு விட்டுரு, ராத்திரி பிரஷ்ஷை மட்டும் உன் கையில வச்சுக்கோ. தூங்குறப்ப எச்சில் ஊறுறது குறைஞ்சிரும், அப்பதான் சொத்தை வேகமா வளரும். ஏழெட்டு வயசு வரைக்கும் நீதான் தேய்க்கணும். பேஸ்ட்டு மூணு வயசுக்குள்ள அரிசி அளவு, அதுக்கு மேல பட்டாணி அளவு. விளம்பரத்துல காட்டுற மாதிரி நீளமாப் பிதுக்காத. சாம்பல், செங்கல் பொடி, கரி எதுவும் வேணாம், எனாமல் தேஞ்சு போகும்.

சீனி போட்ட பால் பாட்டிலை வாயில வச்சுத் தூங்க வைக்கிறதை இன்னைக்கே நிறுத்து. ஒண்ணரை வயசுலயே மேல் முன்பல்லு நாலும் கருகிப் போற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரேயடியா நிறுத்த முடியலைன்னா தினமும் கொஞ்சம் தண்ணி கூட்டிக்கிட்டே போ, ஒரு வாரத்துல வெறும் தண்ணியாயிரும். தோட்டத்துத் திராட்சையைப் பழமாத் திங்கட்டும், தப்பில்ல. பல் இடுக்குல ஒட்டுற உலர்திராட்சையும் சவ்வு மிட்டாயும்தான் ஆபத்து. நாள் பூரா கொறிக்க விடாம சாப்பாட்டோட சேத்துக் குடுத்துரு.

இதை மட்டும் எழுதி ஒட்டி வச்சுக்கோ: ஆறு வயசுல, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னாடி, எந்தப் பல்லும் விழாமலே ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கும். மேல ரெண்டு, கீழ ரெண்டு. எந்தப் பல்லும் விழாததால, அதையும் பால்பல்லுன்னு நினைச்சு விட்டுடுறாங்க. அது நிரந்தரப் பல். போனா திரும்ப முளைக்காது. நம்ம பக்கத்துல பதினஞ்சு வயசுலயே பல்லு எடுத்த பிள்ளைகளைக் கேட்டுப் பாரு, பாதிப் பேருக்கு இந்தப் பல்லாத்தான் இருக்கும். ஆறு வயசுல கையில டார்ச் எடுத்து வாய்க்குள்ள பாரு. அந்தப் பல்லுல ஆழமான கோடு இருந்தா, அதை மூடிப் பூச முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளு. ஊசி இல்ல, வலி இல்ல, பத்து நிமிஷம்.

பல்லுல பூச்சி எடுக்கிறேன்னு கண்டங்கத்திரி விதையைப் புகைச்சுக் காட்டுறவங்ககிட்ட பிள்ளையைக் குடுக்காத. பல்லுக்குள்ள பூச்சியே கிடையாது, அவங்க காட்டுறது விதையில இருந்து வந்தது. சொத்தைக்குழியில புகையிலை வைக்கவே கூடாது, சின்னப் பிள்ளைக்கு அது விஷம். கிராம்புத் தைலமும் வேணாம், ஈறு வெந்துரும்.

ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாத ரெண்டு

சைக்கிள்ல விழுந்து நிரந்தர முன்பல் வேரோட வந்துருச்சுன்னா, வேரைத் தொடாம மேல்பக்கத்தைப் பிடிச்சு எடு. மண் இருந்தா தண்ணியில லேசா அலசு, தேய்க்காத. முடிஞ்சா அந்தக் குழியிலயே திரும்ப வச்சு, சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்லு. முடியலைன்னா பால்ல போட்டு எடுத்துட்டு ஓடு. அரைமணி நேரத்துக்குள்ள போனா பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. தென்னந்தோப்பு ஊருக்காரி, இளநீர்ல போடலாமான்னு கேப்ப. 2008-ல சென்னைப் பல் டாக்டர்கள் ஆராய்ச்சி செஞ்சு நல்ல முடிவும் சொன்னாங்க, ஆனா இளநீர்ல புளிப்புத்தன்மை இருக்கு, பிற்பாடு வந்த சில ஆராய்ச்சிக அப்படிச் சொல்லலை. பால் கிடைச்சா பால்தான். பால்பல்லு விழுந்திருந்தா திரும்ப வைக்கக் கூடாது, கீழ இருக்கிற முளை கெட்டுரும்.

பல்வலியோட கன்னம் வீங்கி, காய்ச்சலும் அடிச்சு, கண்ணு மூடுற அளவுக்கு வீக்கம் ஏறினாலோ, முழுங்கவோ வாயைத் திறக்கவோ முடியலைன்னாலோ, பத்துப் போட்டுப் பாக்காத, விடியட்டும்னும் காத்திருக்காத. ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் 108-க்கு அடிச்சு, க.விலக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.